பெவி எஞ்சினில் சிஸ்டம்களின் வரிசையும் நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெவி, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல கேம் எஞ்சின். 2020 ஆகஸ்டில் முதல் பதிப்பு வந்தது. அதில் ஆட்டத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு என்டிட்டி, அதன் தரவு காம்பொனென்ட், அந்தத் தரவைப் படித்து மாற்றும் ஃபங்ஷன் சிஸ்டம். இவ்வளவும் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: எந்த சிஸ்டம் எப்போது ஓடுகிறது?

கீழே உள்ள பதில்கள் 0.15 பதிப்பை ஒட்டியவை. அதற்குப் பின் சில பெயர்கள் மாறியிருக்கின்றன. வேலை செய்யும் விதம் மாறவில்லை. கோடில் (நிரலில்) வரும் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம்.

கோடுல முதல்ல எழுதின சிஸ்டம்தானே முதல்ல ஓடும்?

இல்லை. ஆட்_சிஸ்டம்ஸ் அழைப்பில் அடைப்புக்குள் பத்து சிஸ்டம்களை எழுதினால், "இந்தப் பத்தும் ஓட வேண்டும்" என்று மட்டுமே பொருள். எது முதலில் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

பெவி ஒவ்வொரு சிஸ்டமும் என்னென்ன கேட்கிறது என்று அதன் பாராமீட்டர்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளும். ஒன்று வேகத்தைப் படிக்கிறது, இன்னொன்று உயிர்ப்புள்ளியை மாற்றுகிறது என்றால் இரண்டும் வெவ்வேறு த்ரெட்களில் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டும் ஒரே காம்பொனென்டைத் தொட்டு, அதில் ஒன்றாவது அதை மாற்றுகிறது என்றால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஆனால் எது முன்னால் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மெமரி பத்திரமாக இருக்கும் என்பது மட்டும்தான் ரஸ்ட் தரும் வாக்கு. ஆட்ட விதி பத்திரமாக இருக்கிறதா என்பது உங்கள் பாடு.

அப்போ வரிசையை எப்படிச் சொல்றது?

மூன்று வழி. இரண்டு சிஸ்டம்களுக்கு இடையே பிஃபோர் அல்லது ஆஃப்டர் போடலாம். அடைப்புக்குள் எழுதிய கூட்டத்தின் முடிவில் செயின் போட்டால் எழுதிய வரிசையிலேயே ஓடும். மூன்றாவது சிஸ்டம் செட்: ஒரு ஈனம் (enum, பல வகைகளைப் பட்டியலிடும் ரஸ்ட் டைப்) எழுதி, அதன் ஒவ்வொரு வகையையும் ஒரு கட்டமாக வைத்து, கான்ஃபிகர்_செட்ஸ் மூலம் அந்தக் கட்டங்களைச் செயின் செய்யலாம். பிறகு ஒவ்வொரு சிஸ்டமும் தான் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று சொன்னால் போதும்.

அம்பு எய்யும் ஆட்டம் ஒன்றுக்கு உள்ளீடு, இயக்கம், மோதல், சேதம், அகற்றல் என்று ஐந்து கட்டம் தாராளம். இதைத்தான் முதலில் எழுதச் சொல்வோம். ஃபங்ஷன் பெயரை வைத்து ஆஃப்டர் போட்டுக்கொண்டே போனால், மூன்று மாதம் கழித்து ஒரு பெயரை மாற்றும்போது ஏழு ஃபைல் திறக்க வேண்டியிருக்கும்.

எல்லாத்தையும் ஒரே செயின்ல கோத்துட்டா தொல்லையே இல்லையே?

இருபது முப்பது சிஸ்டம் உள்ள சின்ன ஆட்டமென்றால் அப்படியே செய்யுங்கள், தவறே இல்லை. யாராவது "பேரலலிசம் போச்சே" என்று சொன்னால், ஃப்ரேமுக்கு எத்தனை மில்லிசெகண்ட் வீணாகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பெரிய ஆட்டத்தில் விலை இரண்டு இடத்தில் விழுகிறது. ஒன்று, சம்பந்தமே இல்லாத சிஸ்டம்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். இரண்டு, செயினில் கமாண்ட்ஸ் பயன்படுத்தும் சிஸ்டம் இருந்தால் அதற்குப் பின் ஒரு ஒத்திசைவுப் புள்ளி தானாக நுழையும் (கமாண்ட்ஸ் பற்றிய கேள்வியில் வருகிறது). அந்தப் புள்ளியில் அந்த ஷெட்யூலில் (சேர்ந்து ஓடும் சிஸ்டம்களின் தொகுப்பு) உள்ள எல்லா த்ரெட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். தரவு எங்கே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறதோ அங்கே மட்டும் வரிசை சொல்வது நல்லது. கட்டங்களைச் செயின் செய்யுங்கள். கட்டத்துக்குள் இருப்பவற்றை விட்டுவிடுங்கள்.

ப்ரீஅப்டேட், அப்டேட், போஸ்ட்அப்டேட்னு இத்தனை இருக்கே, எதை எங்க போடணும்?

ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஷெட்யூல்கள் ஓடும் வரிசை இது: ஃபர்ஸ்ட், ப்ரீஅப்டேட், ஸ்டேட் (மெனு, ஆட்டம் போன்ற நிலை) மாற்றம், ஃபிக்ஸ்ட் லூப், அப்டேட், போஸ்ட்அப்டேட், லாஸ்ட். ஸ்டார்ட்அப் வகையறா முதல் ஃப்ரேமுக்கு முன் ஒரே ஒரு தடவை ஓடும்.

ஆட்டத்தின் விதிகள், அதாவது இயக்கம், மோதல், சேதம் எல்லாம் ஃபிக்ஸ்ட்அப்டேட்டில் (ஃபிக்ஸ்ட் லூப்புக்குள், ஃப்ரேம் வேகம் எதுவானாலும் சமமான ஆட்ட நேர இடைவெளியில் ஓடுவது). கேமரா, அனிமேஷன், மெனு, ஒலி அப்டேட்டில். ப்ரீஅப்டேட்டும் போஸ்ட்அப்டேட்டும் பெரும்பாலும் எஞ்சினுக்குச் சொந்தம்: கீபோர்ட் நிகழ்வுகள் ப்ரீஅப்டேட்டில் சேகரமாகின்றன, தாய்–சேய் இடமாற்றக் கணக்கு போஸ்ட்அப்டேட்டில் நடக்கிறது. காரணம் இல்லாமல் அங்கே நுழையாதீர்கள். ஃபிக்ஸ்ட் லூப் அப்டேட்டுக்கு முன்னால் ஓடுகிறது என்பதை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் அதில்தான் நிற்கின்றன.

டெல்டாவால பெருக்கினாப் போதாதா? ஃபிக்ஸ்ட்அப்டேட் எதுக்கு?

டெல்டா என்பது போன ஃப்ரேமிலிருந்து கடந்த நேரம். சீரான வேகத்தில் நேர்கோட்டில் போகும் பொருளுக்குப் போதும். வேகமே மாறிக்கொண்டிருந்தால் போதாது. ஒரு கணக்கு: ஆட்டக்காரர் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் மேலே எழும்புகிறார், ஈர்ப்பு 10. ஏட்டுக் கணக்கில் உயரம் 1.8 மீட்டர். ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு இடத்தை நகர்த்தும் வழக்கமான முறையில், வினாடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் கணினியில் 1.70 மீட்டர் எழும்புவார். 144 ஃப்ரேம் கணினியில் ஏறத்தாழ 1.78. எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம். 1.75 மீட்டரில் ஒரு மேடை வைத்தால் ஒருவர் ஏறுவார், மற்றவர் ஏற மாட்டார்.

மோதலிலும் இதே கதை. வினாடிக்கு 60 மீட்டர் போகும் அம்பு 30 ஃப்ரேமில் ஒரே தாவலில் 2 மீட்டர் கடக்கும். நடுவில் அரை மீட்டர் சுவர் இருந்தால் அதைப் பார்க்காமலே தாண்டிவிடும். ஃபிக்ஸ்ட்அப்டேட் இதை முழுதாகத் தீர்க்காது, ஆனால் எல்லாக் கணினியிலும் ஒரே அளவு தாவல் என்று ஆக்கிவிடும். அப்போதுதான் நீங்கள் சோதித்தது எல்லோருக்கும் பொருந்தும்.

ஏன் 64 ஹெர்ட்ஸ்? 60 தானே எல்லாரும் வைப்பாங்க?

பெவியில் ஃபிக்ஸ்ட்அப்டேட் இயல்பாக வினாடிக்கு 64 தடவை ஓடும். பெரும்பாலான திரைகளும் 60 என்பதால்தான் 60 வேண்டாம். கிட்டத்தட்ட சமமான இரண்டு கடிகாரங்கள் ஒன்றையொன்று உரசும்போது, ஒரு ஃப்ரேமில் இரண்டு அடி (ஃபிக்ஸ்ட்அப்டேட்டின் ஒரு ஓட்டம் ஓர் அடி), அடுத்ததில் பூஜ்யம் என்று மாறி மாறி ஓடும் மோசமான நிலை வரக்கூடும். தவிர 1/64 என்பது 0.015625, இரண்டின் அடுக்கு என்பதால் மிதவைப் புள்ளி எண்ணில் துளி பிசகாமல் உட்காரும். 1/60 அப்படி உட்காராது. எண்ணை மாற்ற வேண்டுமானால் டைம் ஃபிக்ஸ்ட் ரிசோர்ஸில் (எந்த என்டிட்டியையும் சேராத பொதுத் தரவு) மாற்றலாம். மெதுவாக நகரும் உத்தி விளையாட்டுக்கு 20 கூடப் போதும்.

ஒரு ஃப்ரேமுக்கு ஒரு தடவை ஃபிக்ஸ்ட்அப்டேட் ஓடும், சரிதானே?

இல்லை, இந்த நினைப்புதான் பாதிப் பிழைகளுக்குத் தாய். ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்துக்கொண்ட நேரம் ஓர் உண்டியலில் சேர்கிறது. உண்டியலில் 15.625 மில்லிசெகண்ட் சேர்ந்ததும் ஒரு அடி ஓடி, அவ்வளவு கழிகிறது. மிச்சம் அடுத்த ஃப்ரேமுக்குப் போகிறது.

60 ஃப்ரேம் திரையில் வினாடிக்கு நான்கு ஃப்ரேம்களில் இரண்டு அடி ஓடும், மற்றவற்றில் ஒன்று. 144 ஃப்ரேம் திரையில் 64 ஃப்ரேம்களில் ஒரு அடி, மீதி 80 ஃப்ரேம்களில் ஒன்றுமே ஓடாது. 30 ஃப்ரேமில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டோ மூன்றோ.

ஸ்பேஸ் அடிச்சா சில சமயம் குதிக்குது, சில சமயம் குதிக்கல. கீபோர்டா கோளாறா?

கீபோர்டு நன்றாகத்தான் இருக்கும். ஜஸ்ட்_பிரெஸ்ட் என்பது "இந்த ஃப்ரேமில் அழுத்தினார்" என்ற செய்தி. ஒரு ஃப்ரேம்தான் உயிரோடு இருக்கும். அதை ஃபிக்ஸ்ட்அப்டேட்டுக்குள் படித்தால், முந்தைய பதிலில் சொன்ன 144 கணக்கில் பாதிக்கு மேற்பட்ட ஃப்ரேம்களில் படிக்க ஆளே இல்லை. அழுத்தம் காணாமல் போகும். 30 ஃப்ரேமில் தலைகீழ்: ஒரே அழுத்தத்தை இரண்டு அடியும் பார்த்து, இரட்டைத் தாவல் உள்ள ஆட்டத்தில் இரண்டையும் செலவழித்துவிடும். நல்ல கணினி வைத்திருப்பவருக்கு ஒரு பிழை, பழைய லேப்டாப் வைத்திருப்பவருக்கு வேறு பிழை. அதனால்தான் இது கண்டுபிடிக்கக் கடினம்.

தீர்வு: ஃபிக்ஸ்ட் லூப்புக்குச் சற்று முன் ஓடும் செட் ஒன்று இருக்கிறது, பிஃபோர்ஃபிக்ஸ்ட்மெயின்லூப் என்று பெயர். அதில் ஜஸ்ட்_பிரெஸ்ட் படித்து, "குதிக்க வேண்டும்" என்ற கொடியை ஒரு ரிசோர்ஸிலோ காம்பொனென்டிலோ உயர்த்துங்கள். ஃபிக்ஸ்ட்அப்டேட்டில் குதிக்கும் சிஸ்டம் அந்தக் கொடியைப் பார்த்ததும் தானே இறக்கிவிட வேண்டும். இங்கே ஒரு கண்ணி: கொடியை "இந்த ஃப்ரேமின் மதிப்பு இது" என்று நேராக ஒதுக்கினால் அடி ஓடாத அடுத்த ஃப்ரேம் அதைப் பொய்யாக்கிவிடும். அழுத்தியிருந்தால் உயர்த்து, இல்லையென்றால் தொடாதே என்று எழுத வேண்டும். கட்டையை அழுத்திப் பிடித்திருப்பதைச் சொல்லும் பிரெஸ்ட் மட்டும் போதுமென்றால் இந்தச் சுற்றெல்லாம் தேவையில்லை.

ஃபிக்ஸ்ட்அப்டேட்டுக்கு மாத்தினதும் எல்லாம் விட்டு விட்டு நகருதே?

நகரத்தான் செய்யும். இடம் வினாடிக்கு 64 தடவை மாறுகிறது, திரை 60 அல்லது 144 தடவை வரைகிறது. இடைநிலை கணக்கிட வேண்டும். ஆட்ட விதிகள் பயன்படுத்தும் இடத்தைத் தனிக் காம்பொனென்டில் வையுங்கள். முந்தைய அடியின் இடத்தையும் இன்னொன்றில் வையுங்கள். ஃபிக்ஸ்ட் லூப் முடிந்ததும் ஓவர்ஸ்டெப்_ஃப்ராக்‌ஷன் உண்டியலில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும். அந்தப் பங்கில் இரண்டு இடங்களுக்கும் நடுவே கணக்கிட்டு டிரான்ஸ்ஃபார்மில் (பொருளை வரையும் இடத்தைச் சொல்லும் காம்பொனென்ட்) எழுதுங்கள்.

டிரான்ஸ்ஃபார்ம் இனி படம் காட்டுவதற்கு மட்டும். மோதல் சிஸ்டம் மறதியாக அதைப் படித்தால், பொய் இடத்தோடு மோதும். கேமராவோ நேர்மாறு: அது இடைநிலை டிரான்ஸ்ஃபார்மைத்தான் பின்தொடர வேண்டும், அதுவும் அந்தக் கணக்கு முடிந்த பிறகு. இல்லையென்றால் ஆள் சீராகப் போவார், பின்னணி நடுங்கும். விலை: திரையில் தெரிவது அதிகபட்சம் ஒரு அடி, அதாவது சுமார் 16 மில்லிசெகண்ட் பழசு.

டைம்னு ஒண்ணா, மூணா? எதைப் பயன்படுத்துறது?

மூன்று கடிகாரம். ரியல் சுவர்க் கடிகாரம் மாதிரி, எதற்கும் நிற்காது. விர்ச்சுவல் ஆட்டத்தின் கடிகாரம். பாஸ் செய்யலாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஃபிக்ஸ்ட் விர்ச்சுவலைப் பின்பற்றி அடி அடியாக நகரும். வகை சொல்லாமல் வெறும் டைம் என்று கேட்டால் ஃபிக்ஸ்ட்அப்டேட்டுக்குள் ஃபிக்ஸ்ட் கடிகாரமும், அப்டேட்டுக்குள் விர்ச்சுவல் கடிகாரமும் கிடைக்கும். ஆகவே சிஸ்டத்தை ஒரு ஷெட்யூலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கோடைத் தொட வேண்டியதில்லை.

பாஸ் செய்ததும் மெனு அனிமேஷனும் உறைந்தால், மெனு ரியல் கடிகாரத்தைக் கேட்கவில்லை என்று பொருள். வேகத்தை 0.25 ஆக்கி மெதுவாக ஓட்டினால் அடியின் நீளம் மாறாது, அடிகள்தான் அரிதாகும்: வினாடிக்கு 16. இடைநிலைக் கணக்கு இல்லாத ஆட்டத்தின் குட்டு அப்போது வெளிப்பட்டுவிடும்.

கமாண்ட்ஸ்ல ஸ்பான் பண்ணேன். அடுத்த சிஸ்டத்துக்குத் தெரியவே இல்லை?

என்டிட்டியை உருவாக்கவும் (ஸ்பான்) அகற்றவும் சொல்லும் கமாண்ட்ஸ் என்பது ஹோட்டலில் சர்வர் எழுதும் சீட்டு. எழுதியதும் தோசை வந்துவிடாது. சீட்டு சமையலறைக்குப் போக வேண்டும். பெவியில் சீட்டுகளை நிறைவேற்றும் இடம்தான் ஒத்திசைவுப் புள்ளி. 0.13 முதல், சீட்டு எழுதும் சிஸ்டத்துக்கும் அதற்குப் பின் ஓட வேண்டிய சிஸ்டத்துக்கும் இடையே ஆஃப்டர் அல்லது செயின் இருந்தால் பெவியே நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிடும். வரிசை சொல்லவில்லை என்றால் வைக்காது. ஷெட்யூலின் முடிவில்தான் சீட்டுகள் நிறைவேறும்.

ஆக, "ஒரு ஃப்ரேம் தள்ளித் தெரிகிறது" என்ற புகாருக்கு முதல் மருந்து ஆஃப்டர். புள்ளி வேண்டாம், வரிசை மட்டும் போதும் என்றால் செயின்_இக்னோர்_டிஃபர்ட் இருக்கிறது.

இன்னொரு விபத்து: அம்பும் தீயும் ஒரே அடியில் ஓர் எதிரியைத் தாக்குகின்றன. ஒரு சிஸ்டம் எதிரியை அகற்றச் சீட்டு எழுதுகிறது, இன்னொன்று அதே எதிரிக்கு "எரிகிறது" காம்பொனென்டைச் சேர்க்கச் சீட்டு எழுதுகிறது. இரண்டாவது சீட்டு நிறைவேறும்போது ஆளே இல்லை. டிரை_இன்சர்ட் அப்போது சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆனால் சரியான ஏற்பாடு, எல்லா அகற்றலையும் கடைசிக் கட்டத்தில் ஒரே சிஸ்டம் செய்வதுதான்.

எதிரி கையில இருக்கிற வாள் ஒரு ஃப்ரேம் பின்தங்கி வருதே?

வாள் எதிரியின் சேய். அதன் உலக இடம் குளோபல்டிரான்ஸ்ஃபார்மில் இருக்கிறது, அது போஸ்ட்அப்டேட்டில்தான் புதுப்பிக்கப்படுகிறது. அப்டேட்டில் படித்தால் போன ஃப்ரேமின் இடம். போஸ்ட்அப்டேட்டில், டிரான்ஸ்ஃபார்ம் பரவும் செட்டுக்கு ஆஃப்டர் போட்டுப் படியுங்கள். அங்கே முடியாது என்றால் டிரான்ஸ்ஃபார்ம்ஹெல்பர் கேட்ட நொடியில் கணக்கிட்டுத் தரும். ஆயிரம் பொருளுக்கு அழைக்காமல் இருந்தால் சரி.

எதிரிகளோட பாதைத் தேடல் வினாடிக்குப் பத்து தடவை ஓடினாப் போதும். எப்படி?

ரன்_இஃப் போட்டு, அதற்குள் ஆன்_டைமர் 100 மில்லிசெகண்ட் என்று கொடுங்கள். ஃப்ரேம் 250 மில்லிசெகண்ட் இழுத்துவிட்டால் இரண்டு தடவை ஓட வேண்டியது ஒரு தடவைதான் ஓடும். பாதைத் தேடலுக்கு அது பரவாயில்லை. விஷத்தால் உயிர் குறைவது போன்ற கணக்குக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது, அதை ஃபிக்ஸ்ட்அப்டேட்டில் எண்ணுங்கள்.

இப்படி இடைவெளி விட்டு ஓடும் சிஸ்டத்துக்கு எது தப்பும், எது தப்பாது என்று தெரிந்திருக்க வேண்டும். சேஞ்ஜ்ட் வடிகட்டி (மாறிய காம்பொனென்ட்களை மட்டும் தருவது) தப்பாது. "நான் கடைசியாக ஓடியதிலிருந்து" என்று ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனியாக அது கணக்கு வைத்திருக்கிறது. ஈவென்ட்கள் (சிஸ்டம்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகள்) தப்பிவிடும், ஏறக்குறைய இரண்டு ஃப்ரேம்தான் அவற்றின் ஆயுள். ரிமூவ்ட்காம்பொனென்ட்ஸும் அப்படியே. ஈவென்ட் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஓடும் சின்ன சிஸ்டம் ஒன்று அவற்றை ஒரு பட்டியலில் சேர்த்து வைக்கட்டும்.

நெக்ஸ்ட்ஸ்டேட் மாத்தின பிறகும் பழைய ஸ்டேட் சிஸ்டம் ஓடுதே?

மாற்றம் அடுத்த ஃப்ரேமில், ப்ரீஅப்டேட் முடிந்ததும் நடக்கும். அதுவரை பழைய ஸ்டேட்தான். ஃபிக்ஸ்ட்அப்டேட்டில் மாற்றினால் அதே ஃப்ரேமில் இன்னொரு அடி ஓடவும் வாய்ப்பு உண்டு: "ஆட்டம் முடிந்தது" என்று இரண்டு தடவை மதிப்பெண் சேர்வது இதனால்தான். முடிந்ததற்கு ஒரு கொடி வைத்துத் தடுத்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்டர் போட்டிருக்கேன், ஆனா வேலை செய்யலை. எரரும் வரலை?

இரண்டு சிஸ்டமும் ஒரே ஷெட்யூலில் இருக்கிறதா பாருங்கள். ஃபிக்ஸ்ட்அப்டேட்டில் இருப்பதற்கு ஆஃப்டர் என்று அப்டேட்டில் எழுதினால் பெவி அதைக் கண்டுகொள்ளாது, திட்டவும் செய்யாது. கான்ஃபிகர்_செட்ஸும் ஒவ்வொரு ஷெட்யூலுக்கும் தனித்தனி: அப்டேட்டில் கட்டங்களைச் செயின் செய்தது ஃபிக்ஸ்ட்அப்டேட்டுக்குச் செல்லாது.

பத்துல ஒரு தடவை மட்டும் பக் வருது. எங்க தேடுறது?

முதல் பதிலில் சொன்ன "எது முன்னால் என்று உத்தரவாதம் இல்லாத" ஜோடிகளைத் தேட வேண்டும். பெவியே தேடித் தரும். எடிட்_ஷெட்யூல் மூலம் ஃபிக்ஸ்ட்அப்டேட்டின் கட்டுமான அமைப்பில் ஆம்பிகுயிட்டி_டிடெக்‌ஷனை வார்ன் நிலைக்கு மாற்றுங்கள். வழக்கமாக அது அணைந்தே இருக்கும். ஓட்டியதும், ஒரே தரவில் மோதியும் வரிசை சொல்லப்படாத ஜோடிகள் பட்டியலாக வரும், எந்தக் காம்பொனென்டில் மோதல் என்பதோடு.

பட்டியலைக் கண்டு மிரள வேண்டாம். பாதி தீங்கற்றவை: இரண்டு சிஸ்டமும் ஒரே காம்பொனென்டை, ஆனால் வெவ்வேறு என்டிட்டிகளில் மாற்றும். குவெரியில் (சிஸ்டம் தனக்கு வேண்டிய என்டிட்டிகளைக் கேட்கும் பாராமீட்டர்) வித், வித்அவுட் போட்டுப் பிரித்தால் அந்த எச்சரிக்கை போய்விடும், கூடவே இணையாக ஓடும் வசதியும் கிடைக்கும். மிச்சத்துக்கு வரிசை சொல்லுங்கள். உண்மையிலேயே வரிசை முக்கியமில்லை என்றால் ஆம்பிகுவஸ்_வித். பிரௌசரில் ஓடும் பதிப்பில் எல்லாம் ஒரே த்ரெட்டில் ஓடுவதால் இந்தப் பிழை அங்கே ஒளிந்துகொள்ளலாம். அங்கே வரவில்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணினி திணறினா ஃபிக்ஸ்ட் அடிகள் குவிஞ்சு இன்னும் திணறாதா?

திணறும். அடி ஓட நேரம் பிடிக்க, உண்டியல் நிரம்ப, இன்னும் அடிகள் ஓட என்று சுழல் கட்டும். அதற்காகவே விர்ச்சுவல் கடிகாரம் ஒரு ஃப்ரேமில் 250 மில்லிசெகண்டுக்கு மேல் நகராது. 250-ஐ 15.625-ஆல் வகுத்தால் 16: ஃப்ரேமுக்குச் சுமார் 16 அடிதான் உச்சம். அதற்குமேல் போன நேரம் தொலைந்தது. ஆட்டம் மெதுவாக ஓடும், உறையாது. ஒரு அடிக்கே 15.6 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறதென்றால் இந்த வேலி காப்பாற்றாது. அடியின் வேலையைக் குறைக்க வேண்டும், அல்லது ஹெர்ட்ஸைக் குறைக்க வேண்டும்.

யூனிட்டியோட என்டிட்டிஸ்லயும் இதே மாதிரிதானா?

எண்ணம் ஒன்று, ஏற்பாடு வேறு. அங்கே இனிஷியலைசேஷன், சிமுலேஷன், பிரசன்டேஷன் என்று மூன்று பெரிய குழு. அப்டேட்பிஃபோர், அப்டேட்ஆஃப்டர் ஒரே குழுவுக்குள் மட்டுமே செல்லும். ஃபிக்ஸ்ட் குழு இயல்பாக 60 ஹெர்ட்ஸ். சிஸ்டம்கள் மெயின் த்ரெட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். இணையாக ஓடுபவை அவை அனுப்பும் ஜாப்கள்.

ஃபிக்ஸ்ட் போட்டாச்சு, வரிசையும் சொல்லியாச்சு. ஆனா ரீப்ளே அப்படியே வரமாட்டேங்குது?

இன்னும் மூன்று ஓட்டை இருக்கலாம். முதலாவது, குவெரி என்டிட்டிகளை எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காம்பொனென்ட் சேர்த்து நீக்கும்போது என்டிட்டி மெமரியில் வேறு அட்டவணைக்கு மாறி, வரிசையும் மாறும். மிதவைப் புள்ளி எண்களை வேறு வரிசையில் கூட்டினால் கடைசி இலக்கம் மாறும், ஆயிரம் அடியில் அது மீட்டராக வளரும். வரிசை முக்கியமான இடத்தில் நீங்களே கொடுத்த எண் கொண்ட காம்பொனென்டை வைத்து வரிசைப்படுத்திய பிறகு கூட்டுங்கள். என்டிட்டியின் எண்ணை நம்பாதீர்கள், அது மறுபயன்பாட்டுக்குப் போகும்.

இரண்டாவது, ரஸ்டின் வழக்கமான ஹாஷ்மேப் ஒவ்வொரு தடவை நிரல் தொடங்கும்போதும் வேறு விதையோடு தொடங்கும்; அதைச் சுற்றிவரும் வரிசையும் மாறும். பீட்ரீமேப் வையுங்கள். மூன்றாவது, உள்ளீட்டை ஃப்ரேம் எண்ணோடு பதிவு செய்திருப்பீர்கள். ஒரு ஃப்ரேமில் எத்தனை அடி ஓடும் என்பது கணினிக்குக் கணினி மாறும் என்பதால், பதிவு அடி எண்ணோடு இருக்க வேண்டும். குதிக்கும் கொடியை ஃபிக்ஸ்ட்அப்டேட் எடுத்துக்கொள்ளும் அந்த இடத்தில், அது எத்தனையாவது அடி என்று சேர்த்து எழுதுங்கள்.